பதினேழு பேர் பட்டியல்

இந்தப் பக்கம் உக்காருங்க தம்பி, அங்க ஃபேன் காத்து வராது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் இங்கயே இருக்கணும்னு அந்த நர்ஸ் பொண்ணு சொல்லிச்சில்ல, அது சும்மா சொல்லுததில்ல பாத்துக்கிடுங்க. உங்களுக்கு முன்னால ஒருத்தர் டீ குடிச்சிட்டு வாரேன்னு எந்திரிச்சாரு. கேட் வரைக்கும் போயி கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருச்சு. மயக்கம் வருதா, தடிப்பு வருதான்னு பாக்கணுமாம். எனக்கு ஒண்ணும் வராது. முப்பத்திநாலு வருஷம் பிள்ளைகளை மேய்ச்ச உடம்பு இது.

கப்பல்லயா வேலை? தூத்துக்குடியில ஊசி போட வாரவங்கள்ல பாதிப்பேரு கப்பல்காரங்கதான்னு இங்க வேலை பாக்கவங்களும் சொன்னாங்க. என்ன வேலை பாக்கீங்க? சமையலா. அப்படியா. நல்லதுதான். சமையல்காரங்களைப் பத்தி எங்கிட்ட ஒரு பெரிய கதையே இருக்கு. நேரம் போகணுமே, சொல்லுதேன்.

என் பேரு எப்சிபா. நாசரேத் பக்கம் வந்து எப்சிபா டீச்சர்னு கேட்டீங்கன்னா ஆட்டோக்காரன் வீட்டு வாசல்ல கொண்டு விட்டுருவான். பதினாறு வருஷம் தலைமையாசிரியை. பெண்கள் விடுதியும் என் பொறுப்புலதான் இருந்துச்சு. கல்யாணம் பண்ணிக்கிடல. நேரமில்ல. இப்ப வயசு அம்பத்தொம்பது. அறுபது ஆயிட்டா இந்த மஞ்சள் காய்ச்சல் ஊசிய ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிச்சுத்தான் போடுவாங்களாம். அந்தப் பொண்ணு என் சர்டிபிகேட்டையும் பாக்குது, என் முகத்தையும் பாக்குது. இன்னும் ஏழு மாசம் இருக்கும்மான்னு சொன்னேன்.

கென்யாவுக்குப் போறேன் தம்பி. ஊழியத்துக்கு. ஆமா, இந்த வயசுலதான்.

நான் ரிட்டயர் ஆன வருஷம் எங்க சபையில மிஷனெரி ஞாயிறு வந்துச்சு. எங்க சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தை முடிச்சிட்டு, கென்யாவுல ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் கேக்காங்க, யாருக்காவது உள்ளத்துல ஏவுதல் இருந்தா எழும்பி நில்லுங்கன்னு சொன்னாரு. நான் மொத ஆளா எந்திரிச்சேன். சபையே என்னைப் பாக்கு. முன் வரிசை இல்லையா, எல்லாருக்கும் தெரியும். ரெண்டு நிமிஷம் நின்ன பெறகும் எல்லாக் கண்ணும் எனக்குப் பின்னால போகுதேன்னு திரும்பிப் பாத்தா, பெண்கள் பக்கம் கடைசி வரிசையில இன்னொருத்தி நிக்கா. தங்கநேசம்.

தங்கநேசம் யாருன்னா, எங்க விடுதிச் சமையல்காரி. எனக்குக் கீழ பதினாறு வருஷம் வேலை பாத்தவ. எனக்கு அஞ்சு வயசு இளையவ. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கா. நல்ல உழைப்பாளி, இல்லன்னு சொல்லல. ஆனா மிஷனெரி வேலைன்னா என்ன, ஏதுன்னு ஒரு இது வேண்டாமா? இவளுக்கு எதுக்கு இந்த ஆசைன்னு எனக்குத் தோணிச்சு. தப்பா நினைச்சுக்கிடாதீங்க தம்பி, உங்களைச் சொல்லல. பொதுவா சொல்லுதேன்.

அனுப்புததுக்கு முன்னால நாப்பது நாள் பயிற்சி. தென்காசி தாண்டி, மலை அடிவாரத்துல ஒரு பழைய பங்களா. ஒம்பது பேரு போனோம். நடத்துனவரு பேரு கிருபைநாயகம். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஆப்பிரிக்காவுல பத்து வருஷம் இருந்துட்டு வந்தவரு. சத்தமே வராது அவருக்கு. கிளாஸ் எடுத்தா ரெண்டாவது பெஞ்சுக்குக் கேக்காது. சத்தத்தைக் கூட்டணும்னு நான் மொத நாளே அவருகிட்ட எடுத்துச் சொன்னேன். நன்றி அக்கான்னாரு. அப்புறமும் கூட்டல.

ஆளுக்கு ஒரு பை கொண்டுவரணும்னு கடுதாசியில போட்டிருந்துச்சு. நான் மூணு கொண்டு போனேன். ஒண்ணுல துணி, ஒண்ணுல புஸ்தகம், மூணாவதுல தலையணை, எனக்கு வேற தலையணையில கழுத்து பிடிச்சுக்கிடும். கிருபைநாயகம் மூணையும் பாத்தாரு. வெறுமையாகுததுதான் இங்க மொதப் பாடம்னாரு. நான் சொன்னேன், பிரதர், நான் ஆறு பையை வீட்டுல விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். தங்கநேசம் ஒரு துணிப்பை கொண்டுவந்தா. அவகிட்ட இருக்கதே அவ்வளவுதான், அதுல வெறுமையாக என்ன இருக்கு?

ரெண்டாவது பாடம் பணிவிடை. பெருக்குதது, கக்கூஸ் கழுவுதது, சமையல்கட்டு, எல்லாம் எல்லாரும் முறை வச்சுச் செய்யணும். யாரு எப்பன்னு ஒரு ஒழுங்கே இல்லாம இருந்துச்சு. நான் ஒரு சார்ட் எடுத்து, கட்டம் போட்டு, கலர் பென்சில்ல அழகா பட்டியல் எழுதி சுவத்துல ஒட்டுனேன். எல்லாரும் பாராட்டுனாங்க. ரெண்டு நாள் கழிச்சு கிருபைநாயகம் அந்தச் சார்ட்டு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. அக்கா, இதுல எட்டுப் பேரு இருக்கு, உங்க பேரைக் காணோமேன்னாரு. மேற்பார்வைக்கு ஒருத்தர் வேணுமே பிரதர்னேன். அவரு பென்சிலை எடுத்து, கக்கூஸ் கட்டத்துல, எல்லாக் கிழமையிலயும், என் பேரை எழுதிட்டுப் போயிட்டாரு. எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. செஞ்சேன். எப்படிச் செஞ்சேன்னா, அந்த நாப்பது நாள்ல இருந்த மாதிரி அந்தக் கக்கூஸ் சுத்தமா எப்பவும் இருந்ததில்லன்னு தோட்டக்காரரே சொன்னாரு. தாழ்மையில என்னை அடிச்சுக்க ஆள் இல்லன்னு அன்னைக்கே தெரிஞ்சிக்கிட்டேன்.

பாஷை படிக்கதுதான் தகராறு. ஸ்வாஹிலின்னு ஒரு பாஷை. நான் இலக்கணத்துல இருந்து ஆரம்பிச்சேன். பெயர்ச்சொல்லுல மட்டும் எத்தனையோ வகுப்பு வச்சிருக்காங்க, அத்தனையையும் அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ணுனேன். மூணாவது வாரம் ஒரு பரிட்சை. கென்யாவுல இருந்து வந்திருந்த ஒரு அம்மா நம்ம முன்னால உக்காந்துக்கிடுவாங்க, நம்ம ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கணும், அவ்வளவுதான். எனக்கு வகுப்பெல்லாம் வருது, தண்ணி வரல. தங்கநேசம் போனா. சமையல்கட்டுலயே கிடந்து அந்த அம்மா கூட வெங்காயம் உரிச்சுக்கிட்டே எல்லாச் சொல்லும் பிடிச்சு வச்சிருக்கா. தண்ணி, உப்பு, நெருப்பு, மீனுன்னு அடுக்குதா. அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே ரெண்டு டம்ளரு குடுத்தாங்க. ஒண்ணு எனக்குக் கொண்டு வந்து தந்தா. தண்ணிக்கு அவங்க பாஷையில மாஜின்னு பேரு டீச்சர், மறக்காதீங்கன்னா. எப்படி மறக்கும்? நான்தான் மாஜி தலைமையாசிரியையாச்சே. அவ வேணும்னு சொன்னாளா, வெள்ளந்தியா சொன்னாளான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

இப்ப விஷயத்துக்கு வாரேன். இன்னும் நேரம் இருக்குல்ல? இருபது நிமிஷம் இருக்கு.

முப்பதாவது நாள் இருக்கும். கிருபைநாயகம் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் குடுத்தாரு. கடல் தாண்டிப் போறதுக்கு முன்னால இங்க மனசுல முடிச்சு ஏதும் இருக்கப்பிடாது, போற இடத்துக்கு அதையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போவோம், அதனால மன்னிப்பு சம்பந்தமா யாரு யாரு பேரு ஞாபகம் வருதோ, எழுதுங்கன்னாரு. அவரு சத்தம்தான் உங்களுக்குத் தெரியுமே, எனக்கு அரைகுறையாத்தான் கேட்டுச்சு. மத்தவங்கள்லாம் பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் கடகடன்னு எழுதிட்டேன். பதினேழு பேரு. பேரு, ஊரு, வருஷம், விவரம் எல்லாம் போட்டு. என் பிரமோஷனை மூணு வருஷம் தள்ளிப்போட்ட கரஸ்பாண்டன்ட்டு, எங்கப்பா அடக்கத்துக்கு வராத சித்தப்பா, என்னைப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்ட டிரில் மாஸ்டர், சபை கமிட்டி எலெக்ஷன்ல வாக்குத் தாரேன்னு சொல்லிட்டுத் தராத நாலு பேரு, இப்படி. மொத ஆளா தாளைக் கொண்டு குடுத்தேன்.

அவரு வாசிச்சாரு. முழுசும் வாசிச்சாரு. அக்கா, இவங்கள்லாம் யாருன்னாரு. எங்கிட்ட மன்னிப்புக் கேக்க வேண்டியவங்க பிரதர்னேன். அவரு கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு. சிரிப்பை அடக்குதாருன்னு நினைக்கேன், அப்ப தெரியல. தாளைத் திருப்பி, வெறும் பக்கம் மேல இருக்கிற மாதிரி எங்கிட்டக் குடுத்தாரு.

"நான் கேட்டது இந்தப் பக்கம் அக்கா."

நான் போயி உக்காந்தேன். யோசிச்சேன். உள்ளபடி சொல்லுதேன் தம்பி, யோசிச்சேன். நான் மன்னிப்புக் கேக்க வேண்டிய ஒரு ஆளும் ஞாபகத்துக்கு வரல. கண்டிப்பா இருந்திருக்கேன், கண்டிப்பு வேற, அநியாயம் வேற. மணி அடிச்சுட்டு. பின்பக்கம் வெறுமையாவே தாளை மடிச்சு என் நோட்டுக்குள்ள வச்சுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன், தங்கநேசம் வந்து கொடிக்கு அந்தப் பக்கம் நின்னா. கையில அவளுக்குக் குடுத்த தாளு. அதுல ஒரே ஒரு பேரு. என் பேரு.

ஒங்க மேல பன்னெண்டு வருஷமா கசப்பு வச்சிருந்தேன் டீச்சர், எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கு என்னை விடமாட்டேன்னுட்டீங்களே, அதுல வந்த கசப்பு, ஒங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் உள்ளுக்குள்ள வைஞ்சிருக்கேன், மன்னிச்சிருங்கன்னு சொன்னா. நான் அது என்னைக்குன்னு கேக்கல. எனக்கு ஞாபகமே இல்ல. லீவு கேட்டு வாரவங்க தெனம் நாலு பேரு, எதைன்னு ஞாபகம் வைக்க? ஒரு மனுஷி மனசு உடைஞ்சு வந்து நிக்கும்போது விவரம் கேக்கது மரியாதை இல்லன்னு நினைச்சேன். பெருந்தன்மையா, தங்கநேசம், நான் உன்னை முழு மனசோட மன்னிச்சுட்டேன், இனிமே அதை நினைக்காதேன்னு சொன்னேன். அவ சரி டீச்சர்னுட்டு, கீழ கிடந்த என் துண்டை எடுத்து உதறிக் கொடியில போட்டுட்டுப் போனா. அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல, மன்னிக்கிற கிருபையைக் குடுத்ததுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் வேற சொன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? கேளுங்க, முழுசும் கேளுங்க.

நாப்பது நாளு முடிஞ்சதும் கமிட்டி. அஞ்சு பேரு உக்காந்து, என்ன பாடம் கத்துக்கிட்டீங்கன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் தலைப்புப் பிரிச்சு முக்கால் மணி நேரம் பேசுனேன். தங்கநேசம் உள்ள போயி, நான் ஒரு டம்ளரு தண்ணி குடிச்சு முடிக்கதுக்குள்ள வெளிய வந்துட்டா. என்ன சொன்னேன்னு கேட்டதுக்கு, தெரியாதது நிறைய இருக்குன்னு சொன்னேன் டீச்சர்னா. எனக்கு அவ மேல பரிதாபமா இருந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சுக் கடுதாசி வந்துச்சு. தங்கநேசம் தேர்வு. கென்யாவுல அந்தப் பள்ளிக்கூட விடுதிச் சமையல்கட்டு முழுசும் அவ பொறுப்பு. எனக்கு, ஆறு மாசம் பொறுத்திருந்து ஜெபிச்சு மறுபடியும் வாங்கன்னு நாலே வரி. என்னை, தம்பி. ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துனவளை. நான் கிருபைநாயகத்துக்கு போன் போட்டேன். என் வாழ்க்கையில அவ்வளவு சத்தமா பேசுனதில்ல. அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தத் தாள் பத்திரமா இருக்கா அக்கான்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. போனை வச்சுட்டேன். பதினெட்டாவதா அவரு பேரையும் முன்பக்கத்துல சேத்தேன்.

சபையில பாக்கவங்க எல்லாம் எப்பப் போறீங்க டீச்சர், எப்பப் போறீங்க டீச்சர்னு கேக்காங்க. விசா தாமதம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆமா, பொய்தான். அதுவும் பின்பக்கத்துல எழுதியிருக்கேன், பெறகு வாரேன்.

ரெண்டு மாசம் போயிருக்கும். ஒருநாள் காலையில தங்கநேசம் வீட்டுக்கு வந்தா. விசாவுக்கு அவ வீட்டுக்காரரு மரணச் சான்றிதழ் வேணுமாம், தமிழ்ல இருக்கு, இங்கிலீஷ்ல எழுதித் தரணுமாம். கேக்கவே சங்கடப்பட்டுக்கிட்டு நிக்கா. என்னை விட்டுட்டு அவளை எடுத்தாங்களேன்னு எனக்கு வருத்தம் இருக்கும்னு அவளுக்குத் தெரியும். நான் பெருந்தன்மையா, உக்காரு தங்கநேசம்னு சொல்லி பேனாவை எடுத்தேன். பேரு, பொன்னுத்துரை. வயசு, நாப்பத்தாறு. நோய், ஈரல். தேதி எழுதணும். தேதியை எழுதிட்டு நிமிந்தேன்.

என் மேசைக்கு நேர் எதிர்ச் சுவத்துல ஒரு பிரேம் போட்ட சான்றிதழ் தொங்குது. எங்க விடுதிக்கு மாவட்டத்துலயே சிறந்த விடுதின்னு குடுத்தது. என் சர்வீஸுலயே பெரிய நாளு அது. கீழ ஆய்வு செய்த நாள்னு ஒரு தேதி போட்டிருக்கும். பன்னெண்டு வருஷமா தெனமும் பாக்க தேதி. அதே தேதி தம்பி.

அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அதிகாரிங்க ஆறு பேரு வந்தாங்க. வெள்ளை விரிப்பு போட்டிருந்தோம். பிள்ளைகள்லாம் ரெட்டைச் சடை. சாம்பாரை ஒரு அதிகாரி ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, எழுதுன குறிப்புலயே அதைப் போட்டிருந்தாரு. எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. காலையில ஒம்பதரைக்கு யாரோ கேட்டுல வந்து நின்னதும், தங்கநேசம் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே ஆபீஸ் ரூம் வாசல்ல வந்து நின்னதும், அவரு ரொம்ப முடியாம இருக்காராம் டீச்சர்னதும், நான் பைலை விட்டுத் தலையைத் தூக்காம, ஆய்வுக்கு வாராங்க, சாப்பாட்டை முடிச்சு வச்சிட்டுப் போன்னதும், அது மட்டும் ஞாபகத்துல இல்ல. அந்தத் தேதியை எழுதுன பெறகுதான் ஒண்ணொண்ணா வருது. கரண்டியில இருந்து தரையில சொட்டுனதுகூட வருது. தரையைத் தொடைன்னு நான் சொன்னதும் வருது.

நான் அவகிட்டக் கேட்டேன், எத்தனை மணிக்கு தங்கநேசம்னு. சான்றிதழ்ல மணி கேக்கலயே டீச்சர்னா. இல்ல, எனக்குத் தெரியணும்னேன்.

"பன்னெண்டுக்கு மின்ன டீச்சர். நான் ரசத்துக்குத் தாளிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னா. அழல. தாளை வாங்கிக்கிட்டு, கையெழுத்து அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனா. துணிக்கொடிப் பக்கம் அவகிட்ட, உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னேனே, அது காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. பெருந்தன்மையா சொன்னேன்னேன்ல உங்ககிட்ட.

கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

அப்புறம் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா? மன்னிப்புக் கடிதம் எழுதுனேன். மூணு நாள் எழுதுனேன், நாலு பக்கம் வந்துச்சு. சூழ்நிலை விளக்கம் ரெண்டு பக்கம், நிர்வாகச் சிரமம் ஒரு பக்கம், மன்னிப்பு ஒரு பக்கம். எழுத்துப்பிழை பாத்து, நல்ல கவர்ல போட்டு, கையிலயே கொண்டு குடுத்து வாசிச்சும் காட்டிரணும்னு கிளம்புனேன். பதினாறு வருஷம் எனக்குக் கீழ வேலை பாத்தவ வீட்டுக்கு அன்னைக்குத்தான் மொதத் தடவை போறேன். வழி கேட்டுத்தான் போகவேண்டியிருந்துச்சு. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு.

அவ பின்வாசல்ல உக்காந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தா. சாளை மீனு. என்னைப் பாத்துட்டு எந்திரிக்கப் போனா, நான் வேண்டாம்னேன். கவரைப் பிரிச்சா, கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன். ஒரு எழுத்து தெரியல. நாலு பக்கத்தையும் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். மனப்பாடமா சொல்லிப் பாக்கலாம்னா, சூழ்நிலையும் வரல, நிர்வாகமும் வரல.

"தங்கநேசம், அன்னைக்கு உன்னை நான் விட்டிருக்கணும்."

அது மட்டும்தான் வந்துச்சு. அந்த நாலு பக்கத்துல அந்த வரி இல்லவே இல்ல, பெறகு பாத்தேன்.

அவ கையில இருந்த மீனை முடிச்சா. இன்னொண்ணு எடுத்தா, அதையும் ஆய்ஞ்சா. அதையும் சட்டியில போட்டா. நான் நிக்கேன். பரவால்ல டீச்சர்னு சொல்லுவான்னு எதிர்பாத்தேன். யாரா இருந்தாலும் சொல்லுவாங்கல்ல. பெறகு நிமிந்து என்னைப் பாத்தா.

"ஆமா டீச்சர்."

அவ்வளவுதான். ஆமாங்கா. ஒரு பரவால்ல சொன்னா என்ன? அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தமாக்கூட இருந்துச்சு, மறைப்பானேன். ஆனா பாத்துக்கிடுங்க தம்பி, அவ பரவால்லன்னு சொல்லியிருந்தா நான் வீட்டுக்குப் போயி காப்பி குடிச்சுட்டு அன்னைக்கே மறந்திருப்பேன். ஆமான்னு சொன்னதுனால, இன்னும் என் கூடயே இருக்கு.

குழம்பு கொதிக்கட்டும், சாப்பிட்டுட்டுப் போங்கன்னா. உக்காந்தேன். எம் பிளேட்டுல அவ சோறு வைக்கது பதினாறு வருஷப் பழக்கம், ஆனா அவ பக்கத்துல உக்காந்து நான் சாப்பிட்டது அன்னைக்குத்தான். குழம்புல உப்பு ஒரு கல்லு கூட. சொல்லல. நான் அதைச் சொல்லாம எந்திரிச்சேன்கிறது உங்களுக்குச் சின்ன விஷயமா இருக்கலாம், என்னைத் தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லிப் பாருங்க.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்துப் பின்பக்கம் அவ பேரை எழுதுனேன். ஒண்ணு எழுதுன பெறகு மளமளன்னு வருது தம்பி. டிரில் மாஸ்டரு மொட்டைக் கடுதாசி போட்டாருன்னேன்ல, அவரை நான் அசெம்பிளியில நிக்க வச்சுக் கேள்வி கேட்டதுக்கு அப்புறம்தான் போட்டாரு. சித்தப்பா அடக்கத்துக்கு வரலன்னேன்ல, அவருக்குத் தந்தி குடுக்க வேண்டியது நானு, குடுக்கல. முன்பக்கத்துல இருந்தவங்க பாதிப்பேரு பின்பக்கத்துலயும் இருக்காங்க. மொத்தம் இருபத்திரெண்டு ஆச்சு. கிருபைநாயகத்துகிட்டக் கேட்டேன், அவரு நடத்துன முகாம்லயே யாரும் பின்பக்கத்துல இவ்வளவு எழுதுனதில்லையாம். அதுலயும் நான்தான் முதல்.

ஒவ்வொருத்தரா போய்ப் பாத்தேன். சித்தப்பா கதவைத் திறந்தாரு, கேட்டாரு, கதவைச் சாத்துனாரு. டிரில் மாஸ்டரு அழுதுட்டாரு. ரெண்டு பேரு இறந்துட்டாங்க, கல்லறையில போய் நின்னு என்ன சொல்ல, நின்னுட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை, விசா தாமதம்னு நான் சொன்னது பொய்ன்னு சபையில எந்திரிச்சுச் சொன்னேன். முன் வரிசையில இருந்துதான் சொன்னேன், ஆனா திரும்பி நின்னு சொன்னேன்.

ஆறு மாசம் கழிச்சு மறுபடி கமிட்டி. என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. தண்ணிக்கு என்ன சொல்லணும்னு கத்துக்கிட்டேன்னு சொன்னேன். கிருபைநாயகம் கண்ணாடியைக் கழத்தித் துடைச்சாரு.

இப்ப என்ன பொறுப்புன்னு கேக்கீங்களா? விடுதிதான். விடுதியில நிர்வாகம் மாதிரி. ஒரு ஆளுக்கு உதவியா இருக்கணும். என்ன உதவின்னா, பொருள் வாங்கதுக்குக் கடுதாசி எழுதணும், டப்பாவுல போட்டிருக்க இங்கிலீஷை வாசிச்சுச் சொல்லணும், ஆள் குறைஞ்ச நாள்ல காய் நறுக்கணும். அந்த ஆளே கமிட்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கு, டீச்சரை எங்கூட அனுப்புங்கன்னு. அவ பயணமும் ஏதோ காகிதம் வராம நின்னு போயிருந்துச்சு, அதனால ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம்.

ஆமா, தங்கநேசம்தான். உள்ளதான் இருக்கா. பிரஷர் கொஞ்சம் கூட இருக்குன்னு டாக்டரு படுக்க வச்சிருக்காரு, இறங்குனாத்தான் ஊசியாம். எனக்கு முன்னாலயே கூப்பிட்டாங்க அவளை, நான்தான் மொதல்ல போய்ப் போட்டுட்டு வந்து உக்காந்துட்டேன். பழக்கம், தம்பி. இருபத்திரெண்டோட முடியலன்னு நினைக்கேன்.

மொதலாளியா அவ எப்படி இருப்பாளோ தெரியல. நேத்து எங்கிட்ட ஒரு சட்டம் போட்டுட்டா. அடுப்பு எரியும்போது யாரு வீட்டுல இருந்து என்ன சேதி வந்தாலும், அடுப்பை அணைச்சிட்டுப் போகணுமாம், சோறு வேகுதா வேகலையான்னு பாக்கப்பிடாதாம். நோட்டுல மொதப் பக்கத்துல எழுதிக்கிட்டேன்.

இருங்க, அந்தப் பொண்ணு யாரையோ கூப்பிடுது.

தங்கநேசம் கூட வந்தவங்க யாருன்னு கேக்குதா? இங்க இருக்கேம்மா, நாந்தான். அவங்களுக்கு நான் என்ன உறவுன்னா? சொந்தம் ஒண்ணுமில்ல. நான் அவங்களுக்குக் கீழ வேலை பாக்கவ. அவங்க எப்படி இருக்காங்க இப்ப? காலையில இருந்து அவங்க ஒண்ணும் சாப்பிடல, அதான் இருக்கும். கொஞ்சம் வழி விடுங்க தம்பி, நான் உள்ள போயி அவங்க பக்கத்துல நிக்கேன்.